நானும் டெல்ஃப்ட்தான்

இந்த ஊரில் தண்ணீருக்கு முன்னால் சாம்பல் நிறப் புழுதிதான் வரும். போன வாரம் எங்கள் தெருவில் போர்வெல் லாரி நின்று பாறையைக் குடைந்தது. கொடியில் கிடந்த துணியெல்லாம் மாவு பூத்துவிட்டது. பிள்ளை பெற்று வளர்த்த ஊர்தான், ஆனாலும் இந்தத் தரை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் பிறந்த நெடுந்தீவு முழுக்கப் பவளக்கல். சாந்து இல்லாமல் அந்தக் கல்லையே அடுக்கி வேலி கட்டுவோம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அதிகம் இறைத்தால் உப்பு. தீவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் இன்றும் என் கை பரபரக்கும்.

சிறுமியாகப் படகில் வந்து, அகதி முகாமில் வளர்ந்து, இப்போது பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அன்று ஹாலந்திலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர் வருவதாக இருந்தது. மேனேஜர் காலையிலேயே என்னிடம் வந்தார்.

“ஊர் கேட்டா இந்தப் பக்கம் மடத்துக்குளம்னு சொல்லிருங்க. கேம்ப்புன்னா நூறு கேள்வி வருமுங்க.”

“சரிங்க” என்றேன்.

வந்தவள் நடுவயதுப் பெண். என் மேசையில் டி-ஷர்ட்டின் தையலைத் திருப்பிப் பார்த்தபடியே, தன் ஊர் டெல்ஃப்ட் என்று மேனேஜரிடம் சொன்னாள். அம்மா போன பிறகு அந்தப் பெயரை எந்த வாயிலும் நான் கேட்டதில்லை. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். எங்களுக்கு விழுந்தது டெல்ஃப்ட்.

“நானும் டெல்ஃப்ட்தான்” என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. போனில் வாய்க்கால்களையும் செங்கல் வீடுகளையும் காட்டி, “உங்கள் வீடு எந்தப் பக்கம்?” என்றாள்.

“வாய்க்கால் இல்லை. கடல். கல்.”

அவள் குழம்பிப்போய் மேனேஜரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டு, “ஷீ இஸ் ஜோக்கிங், மேடம்” என்றார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் விட்டுவிட முடியவில்லை.

“ஜோக் இல்லை. உங்கள் ஆட்கள் வைத்த பெயர்.”

சிரிப்பு நின்றது. போனைக் கீழே வைத்து, “அதற்கு முன் என்ன பெயர்?” என்று கேட்டாள். சொன்னேன். நெது, நெதுன் என்று அவள் நாக்கு இரண்டு மூன்று தடவை தடுக்கி, கடைசியில் ஒருவாறு நெடுந்தீவுக்கு வந்து சேர்ந்தது.

அவள் போனதும் மேனேஜர் வந்தார். “மடத்துக்குளம்னுதானுங்க சொல்லச் சொன்னேன்.”

“தெரியாமல் வந்திட்டுதுங்க.”

என்னை முறைத்துவிட்டுப் போனார். நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று வேலை முடியும்வரை அவர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. ஆர்டரும் கிடைத்தது.

மறுநாள் காலை, நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த சூப்பர்வைசர் செந்தில், “நெடுந்தீவு அக்கா, இங்க வாங்க” என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான். தீவில் யாரையும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அங்கே எல்லோருமே நெடுந்தீவுதானே. நான் குனிந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை கூப்பிட்டான். வேறு யாரையோ என்றுதான் நினைத்தேன்.

பிறகு, வழக்கம்போல, “சிலோன் அக்கா” என்றான்.

திரும்பிப் பார்த்தேன்.