வேற்றுக்கிரகத்துப் பெண்ணுக்கு நான் கொடுத்த பாஷை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மதுரை காளவாசல் பக்கம் ஒரு மாடியில் இருந்த சின்ன கார்ட்டூன் கம்பெனியில் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். இணையத்துக்காக அவர்கள் ஒரு சிரிப்புத் தொடர் எடுத்தார்கள். முதல் எபிசோடில், பறக்கும் தட்டு ஒன்று காளவாசல் சிக்னலில் இறங்கி டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும். தட்டுக்குள் இருக்கும் வேற்றுக்கிரகத்துப் பெண்ணுக்கு என் குரல்.

"அக்கா, வாயில வந்ததை உளறுங்க. யாருக்குப் புரியப் போகுது?" என்றார் டைரக்டர்.

உளறுவதற்கும் ஒரு திறமை வேண்டும் போல, எனக்கு வரவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன சொல்ல? காலையில் என் மகளைப் பள்ளிக்குக் கிளப்பும்போது போடும் சத்தத்தை, எங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில் அப்படியே எடுத்துவிட்டேன். எழுந்திரு, பல்லை விளக்கு, தலையைக் காட்டு, டிபன் பாக்ஸ் எங்கே? எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எபிசோடை ஊரே பார்த்தது. ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஏழாவது படிக்கும் மகளை அழைத்துவர ஒரு நாள் மாலை ஸ்கூல் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். தண்ணீர் பாட்டில் எங்கே என்று வழக்கம்போல எங்கள் பாஷையில் கேட்டேன். "ஏலியன்! ஏலியன்!" என்று ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் கத்தினார்கள். மகள் என் கையை உதறினாள்.

"இங்க வச்சு அப்படிப் பேசாதம்மா" என்றாள், தமிழில்.

அன்றிலிருந்து வீட்டிலும் அவள் வாயில் எங்கள் பாஷை வரவில்லை. என் பிள்ளையின் வாயை நானே அடைத்துவிட்டேனே!

நேராக டைரக்டரிடம் போய், முதல் எபிசோடில் அந்தப் பேச்சை மாற்றுங்கள் என்றேன்.

"சும்மா காமெடிக்குத்தானக்கா. இம்புட்டு ஹிட்டானதைப் போய் மாத்தச் சொல்றீகளே!"

"என் பிள்ளையத் தாலாட்டுன பாஷை தம்பி அது. மாத்துறீகளா, நான் கிளம்பட்டுமா?"

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கிறோம்க்கா."

"தாராளமாப் பாருங்க!"

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வேன் வந்ததும், வேண்டுமென்றே, தெருவுக்கே கேட்கும்படி எங்கள் பாஷையில் மகளைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். நான் விடவில்லை. தப்பு என்னுடையது, அந்த வேலையை விட்டுவிட்டேன், உனக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அதே பாஷையில் அங்கேயே சொன்னேன்.

படியில் நின்று என்னையே பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கள் பாஷையிலேயே ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்! எழுந்திரு, பல்லை விளக்கு, தலையைக் காட்டு, டிபன் பாக்ஸ் எங்கே? ஒன்று விடாமல் என் வசனம். கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் கப்சிப்.

அந்த முதல் எபிசோடு இன்னமும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடட்டும், நாங்கள் பறக்கும் தட்டில் வந்து இறங்கியவர்கள் இல்லை என்று சொல்ல என் வீட்டில் இப்போது இரண்டு குரல் இருக்கிறது.