சிவப்பு மையால் நான் அடித்த ஷிப்ட் பஸ்

ஞாயிறு மாலைகளில், நெய்வேலி குடியிருப்பில் எங்கள் வீட்டில், நானும் மனைவியும் பழைய கால இங்கிலாந்தில் நடக்கும் துப்பறியும் தொடர்களைப் பார்ப்போம். கொலை நடக்கும் ஊர் எப்போதும் பச்சைப்பசேலென்று இருக்கும். தேவாலயம், தேநீர், மழையில் நனைந்த கார். வெளிநாட்டார் பார்ப்பதற்கென்றே தேய்த்துத் துலக்கிய இங்கிலாந்து அது என்று தெரிந்தும் ரசித்தேன். ஆண்டுக்கணக்குப் பார்ப்பது என் பழக்கம். முப்பதுகளின் கதையில் ஐம்பதுகளின் கார் வந்தால் நோட்டில் குறித்துக்கொள்வேன். சிரித்துவிட்டுத் தொடர்ந்து பார்ப்பேன்.

"நம்ம பிளாக்குல ஒரு கொலை நடக்கக் கூடாதா?" என்றாள் மனைவி ஒரு நாள். "எத்தினி நாளைக்கு அந்தப் பாதிரியாரையே சந்தேகப்பட்டுக்கினு கெடக்கறது?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுபதுகளின் நெய்வேலியில் நடக்கும் கதை ஒன்றை மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினாள். மகளின் தோழி சென்னையில் தொடர் எடுக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு அனுப்புமுன் மனைவி அதை என்னிடம் படிக்கத் தந்தாள்.

கதையில், சுரங்கத்தில் பகல் ஷிப்ட் முடித்து வருவதாகச் சொல்லும் ஒருவன் கம்பெனி பஸ்ஸில் வருகிறான். பள்ளி விட்டு அதே பஸ்ஸில் வரும் சிறுமி, அவன் சட்டையில் மட்டும் கரித்தூள் இல்லாததைக் கவனிக்கிறாள். அவள்தான் துப்பறிபவள்.

'ஷிப்ட் பஸ் தொழிலாளர்களுக்கு மட்டும். பிள்ளைகள் ஏற வழியில்லை' என்று சிவப்பு மையால் எழுதி, அந்தப் பக்கங்களை அடித்தேன். நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததே தொண்ணூறுகளில்தான். போதாதென்று கடைசிப் பக்கத்தில், 'வெளிநாட்டுக்காரன் இதை ஏன் பார்க்க வேண்டும்?' என்றும் எழுதினேன்.

"வெள்ளைக்காரன் தப்பு பண்ணா சிரிச்சிக்கினு பாக்கறீங்க. எனக்கு மட்டும் செவப்பு மையா?" என்றாள். கதையை யாருக்கும் அனுப்பவில்லை.

சென்ற மாதம் வடலூர் பஸ் நிலையத்தில், அந்தக் காலத்தில் ஷிப்ட் பஸ் ஓட்டிய பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளை அதில் ஏற்றியதுண்டா என்று விடாமல் அதையும் கேட்டேன்.

"ஏத்தக் கூடாதுதாங்க. வெயில்ல புள்ளைங்க நின்னுகினு இருந்தா வுட்டுட்டா வர முடியும்?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"தெரியும். பள்ளிக்கூடம் வுட்டு நானே அதுல வந்தவதான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க கேட்டீங்க? அடிச்சில்ல குடுத்தீங்க."

அவள் எழுதியதை அப்படியே சிவப்பு மை இல்லாமல் நானே படியெடுத்துத் தருகிறேன், அனுப்பலாம் என்றேன். ரிமோட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "வெளிநாட்டுக்காரன் ஏன் பாக்கணும்?"

தொடர் தொடங்கியது. மழையில் குடை பிடித்துக்கொண்டு பாதிரியார் வந்தார். அவள் யாரையும் சந்தேகப்படவில்லை.