கவிழ்த்து வைத்த துரும்பு

சீட்டாட்டத்தில் துரும்பைத் தெரிந்தெடுத்ததும் மச்சாள் அந்தத் தாளை மேசையில் கவிழ்த்து, அதன்மேல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைப்பார். கூட்டின் மூலையில் இப்போது என் மகனின் பல் பதிந்திருக்கிறது. துரும்பைத் திறக்கும்வரை அது எந்த இனம் என்று எதிரே இருக்கும் கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. முன்னூற்றிநாலு என்ற அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

மச்சாள் என் கணவரின் அக்கா. நான் கலியாணம் முடித்து வல்வெட்டித்துறைக்கு வந்த புதிதில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவரும் நானும் ஒரு பக்கம். கணவரும் பக்கத்து வீட்டு அண்ணையும் மறுபக்கம். ஒருநாள் மச்சாள் பெரிதாகப் புள்ளி கேட்டுத் துரும்பு வைத்திருந்தார். அண்ணை களாவரை இனத்தில் ஒரு தாளை இறக்கினார். மச்சாள் களாவரை ஜாக்கைப் போட்டார். அந்த இனத்தில் அதற்கு மேல் தாள் இல்லை. கணவரும் களாவரையே போட்டுவிட்டார். பிடி எங்களுடையது. என்னிடம் களாவரை இல்லை. கையிலிருந்த ஆஸை அந்தப் பிடியில் போட்டுப் புள்ளி சேர்த்திருந்தால் போதும். ஏதும் பிழைத்துவிடுமோ என்ற பயத்தில், அந்தப் பிடியை வெட்ட, துரும்பாக இருக்கலாம் என்று ஊகித்த சின்னத் தாளொன்றைக் கவிழ்த்துப் போட்டேன். ஊகம் சரி. மச்சாளுக்குக் கூட்டை நகர்த்தி, ஒளித்த துரும்பை எல்லாருக்கும் காட்ட வேண்டியதாயிற்று.

“நான் பிடிச்ச பிடியை நீர் ஏன் காணும் வெட்டுறீர்?”

“ஒரு பாதுகாப்புக்கு, மச்சாள்.”

“ஆரிட்டையிருந்து? என்னட்டையிருந்தோ?”

கணவர் சிரித்தார். “அக்கா, உங்களுக்கு எதிராய் நாங்கள் மூண்டு பேர்.”

மகன் பிறந்தான். பிரசவ விடுமுறை முடிந்து நான் மறுபடி படிப்பிக்கப் போகவேண்டிய நாள் வந்தது. பிள்ளையைத் தான் பார்ப்பதாக மச்சாள் சொல்லியிருந்தார். அதற்கு முதல்நாள் அவர் குழைத்து ஊட்டிய சோற்றை மகன் ஆசையாக வாங்கிக்கொண்டிருந்தான். கட்டி இருக்குமோ என்று நான் கிண்ணத்தை வாங்கி மறுபடி மசித்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான். மச்சாள் எழுந்து கையைக் கழுவினார்.

“நீரே பாரும். நாளைக்கு வேறை ஆரையும் ஒழுங்குபண்ணும்.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளை அவர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையிடம் நான் எதைத் திருத்தப் போனேன்? வேறு ஆரிடம்தான் இவனை விட்டுப்போவேன்? அவனைத் தூக்கிக்கொண்டு, குசினியில் அடுப்படியில் நின்ற அவரிடம் போனேன்.

“மச்சாள், திரும்பவும் வெட்டிப்போட்டன்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“கையிலை இன்னும் துரும்பு கிடக்கோ?”

“இல்லை மச்சாள். முடிஞ்சுது.”

“அப்ப பிள்ளையைத் தாரும்.”

அடுத்தநாள் காலை நான் புறப்படும்போது வாசல் படலையடியில் நின்று அவர் கேட்டார்: “மத்தியானம் என்ன குடுக்கப்போறன் எண்டு சொல்லட்டே?”

அறிய எனக்கு அவ்வளவு ஆசை. வேண்டாம் என்றேன்.

இடைவேளையில் கைபேசியை எடுத்து அவருடைய இலக்கம்வரை போனேன். பிறகு அதை மேசையில் கவிழ்த்து, அதன்மேல் வெண்கட்டிப் பெட்டியை வைத்தேன்.