சலிக்காதவள்

என் அக்காவுக்கு வைத்த பெயர் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அவசரக்குடுக்கை என்று கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாள். குக்கரில் ஆவி அடங்குவதற்குள் மூடியோடு மல்லுக்கு நிற்கிறவள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: வெயிலின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களுக்கான பீங்கான் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி. பொடியைச் சலித்து, வில்லைகளாக அழுத்தி, உலையில் சுட வேண்டும். பிறகு உலை தானாக ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

சித்தப்பா டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். "நான் விக்கிறதைத்தானே நீ படிக்கிறே? பேசாம கடைக்கு வந்துடு" என்பார். முதலாண்டு மதிப்பீட்டில் தேறாவிட்டால் கடைதான் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று.

மதிப்பீட்டுக்கு முந்தைய நாள், ஆறுவதற்குள் உலையைத் திறந்துவிட்டாள். காற்று பட்டதும் டிக், டிக் என்று வில்லைகள் வெடித்தன. ஒன்று மட்டும் வாயே திறக்கவில்லை.

"எல்லாம் போச்சுடி" என்று வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உலைக்கு முன்னாடி கொஞ்சம் சும்மா இருக்கக்கூடாதா?" என்று கத்தினேன். கத்திவிட்டு நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் சாப்பாடு கொடுக்கும் சாக்கில் ஆய்வுக்கூட வாசலில் நின்றேன். உள்ளே மதிப்பீட்டுக் குழு உட்கார்ந்திருந்தது. அக்காவின் வழிகாட்டி அவளைவிட வயதில் சிறியவர், வேலையில் படு கறார். தப்பிய வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொரகொரன்னு இருக்கே, சலிக்கலையா?"

"ஐயோ, எனக்குச் சலிக்கவே இல்ல மேடம். ரொம்பப் பிடிச்சுத்தான் செய்யறேன்."

குழுவில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

"நான் பொடியைக் கேட்டேன்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. பொய் சொல்ல அவளுக்கு வராது. "இந்த ஒண்ணுக்கு மட்டும் சலிக்கப் பொறுமை இல்ல மேடம். அப்படியே போட்டுட்டேன்."

தொலைந்தது, டைல்ஸ் கடைதான் என்று நினைத்தேன். வழிகாட்டியோ வில்லையைக் கீழே வைக்கவில்லை.

"மேகம் மறைச்சா சூடு சட்டுனு இறங்கும். விலகினா ஏறும். மேகம் என்ன நம்மகிட்ட சொல்லிட்டா வருது? அதைத் தாங்குற பீங்கான்தான் வேணும். இதுல விரிசல் குருணையில முட்டி நின்னுடுது போல. ஆனா ஒண்ணை வச்சு நம்ப முடியாது. சலிக்காமலே இன்னும் நாலு பண்ணுங்க, எங்க கண்ணு முன்னாடி திறங்க. அப்புறம் முடிவு சொல்றோம்."

அடுத்த வாரம் நான் எந்தச் சாக்கும் சொல்லவில்லை. அக்கா முகக்கவசம் போட்டு, உலையைத் திறந்து, சிவந்திருந்த வில்லைகளை நீண்ட இடுக்கியால் வெளியே வைத்தாள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு டிக் கூடக் கேட்கவில்லை.

வழிகாட்டி கிட்டே போய்க் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"விரிசல் இல்ல. இங்கேயே தொடர்ந்து செய்ங்க. இடம் உங்களுக்குத்தான்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகக்கவசத்தைத் தூக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்பக் கையில எடுத்துப் பார்க்கட்டுமா மேடம்?"

"வேண்டாம்!" என்று குழு மொத்தமும் கத்தியது. வாசலிலிருந்து நானும்தான்.