மெட்ஸ் நகரத்துச் சிப்பாய்கள்

என் கணவரின் தங்கை கண் ஒப்பரேஷனுக்காக வன்னியிலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் தங்கியிருந்தாள். நான் அப்போது ஓர் ஐரோப்பியப் போர் வரலாற்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு கண்ணில் கட்டு. மற்றதையும் களைக்கவிடக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்ததால் டிவி இல்லை, பேப்பர் இல்லை. சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி எழுதுறீங்கள்? வாசியுங்கோவன், கேப்பம்."

தயங்கினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெட்ஸ் என்ற கோட்டை நகருக்குள் ஒரு பிரெஞ்சுப் படை அகப்பட்டுக்கொண்டதையும், ஜெர்மன் தரப்பான பிரஷ்யர்கள் அதைச் சுற்றி வளைத்ததையும் எழுதிக்கொண்டிருந்தேன். அவளும் போரின் கடைசி மாதங்களில் வன்னிக் கடற்கரையில் அப்படித்தான் அகப்பட்டிருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி அவளிடம் கேட்பதில்லை.

"வேற ஏதும் வாசிக்கட்டே?"

"இல்லை, அதையே வாசியுங்கோ."

வாசித்தேன். விடாத மழை. பசியில் மரப்பட்டையைக் கடித்த குதிரைகள். அந்தக் குதிரைகளையே வெட்டித் தின்ற சிப்பாய்கள். பிறகு நகரத்தில் உப்பும் தீர்ந்தது.

"எங்களுக்குக் கடல் பக்கத்தில இருந்தது," என்றாள். "கடல் தண்ணி விட்டுத்தான் கஞ்சி காய்ச்சினனாங்கள். சின்னவன் துப்பிப்போட்டான். அடிச்சுப் பருக்கினனான்."

சின்னவன், அவளுடைய இளைய மகன், அங்கே ஷெல் விழுந்து செத்தவன். அவனைப் பற்றி அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாசிப்பதை நிறுத்தினேன். அவள் மேசையில் விரலால் தட்டினாள்.

"நிப்பாட்டாதையுங்கோ."

மறுநாள் பின்னேரம் சரணடைந்த இடத்துக்கு வந்தோம். தளபதி நகரையும் படையையும் ஒப்படைத்துவிட்டார். சிப்பாய்கள் வெளியே நடந்து எதிரியின் கைக்குப் போனார்கள்.

"பிறகு?"

"ஜெர்மனிக்குக் கொண்டுபோய் முகாமில வச்சிருந்தவை."

"திரும்பி வந்தவையோ?"

போர் முடிந்த அன்று தன் மூத்தவனைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் அவள்தான் ஆமிக்காரரிடம் ஒப்படைத்தாள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி அவனை பஸ்ஸில் ஏற்றினார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. இன்றைக்கும் அவன் படத்தோடு, காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் மற்றத் தாய்மாரோடு, ரோட்டோரத்துப் பந்தலில் போய் இருக்கிறாள். நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளால் அந்தப் புத்தகத்தைப் பார்க்க முடியாது. ஆனாலும் அதில் உள்ளதையே சொன்னேன்.

"கொஞ்சப் பேர் காய்ச்சல் வருத்தம் வந்து அங்கேயே செத்திட்டினம். மற்றவை சமாதானத்துக்குப் பிறகு வீட்ட வந்தவை."

"வந்தவை," என்று மெல்லத் திருப்பிச் சொன்னாள். "ஃபோன் இல்லாத காலம். எண்டாலும் அந்தத் தாய்மாருக்குத் தெரிஞ்சிருக்கும், என்ன, பிள்ளை இருக்கிறானோ இல்லையோ எண்டு?"

"தெரியேல்லையப்பா. புத்தகத்தில தாய்மாரைப் பற்றி ஒண்டும் இல்லை."

அவள் எழும்பி, சுவரைத் தடவிக்கொண்டு பல்கனிக்குப் போனாள். கண்ணுக்கு விடும் மருந்தோடு பின்னால் போனேன்.

"அழக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவரெல்லே."

"நான் அழேல்லை அண்ணி."

கட்டை அவிழ்த்த கையோடு ஊருக்குப் போக வேண்டுமென்று பிடிவாதமாக நின்றாள். அடுத்த கிளினிக் வரைக்கும் இருக்கச் சொல்லி என் கணவர் சத்தம் போட்டார்.

"இவ்வளவு அவசரமெண்டால் பிறகேன் ஒப்பரேஷன் செய்தனீ?"

"அவன் வந்தால் நான் ஆளைப் பார்த்து அறிய வேணுமெல்லே, அண்ணை. இவ்வளவு வருஷத்தில முகம் மாறியிருக்கும்."

அவர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடிக்கக் கீழே இறங்கினார்.