வெளுத்த சிவப்பு

பெரம்பலூரில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். நாள் முழுக்கக் கருப்புத் திரையும் அதில் ஓடும் வெள்ளை எழுத்தும்தான். அதைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. எழுத்துக்கு நிறம் கொடுக்க, தடிப்பாக்க, கட்டம் கட்ட என்று துண்டு துண்டாக எழுதிச் சேர்த்து ஒரு லைப்ரரி ஆக்கினேன். மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொண்டால் போதும், ஒரே வரியில் எழுத்து சிவப்பாகும், பச்சையாகும். இணையத்தில் இலவசமாகப் போட்டேன். யார் யாரோ எடுத்தார்கள். இன்றைக்கு எத்தனை பேர் என்று சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்ப்பேன். போதும் என்று விடத் தெரியாமல் வாரத்துக்கு ஒரு தடவை எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தேன்.

என் கல்லூரியில் வேதியியல் பேராசிரியையாக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு ஊரில் ஒரு சிறிய தண்ணீர் பரிசோதனைக் கூடம் வைத்தார். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து கொடுப்பார்கள். அவருக்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். அவர் அளவுகளைப் போடுவார், நிரல் சரிபார்த்து, என் லைப்ரரியை வைத்து, கருப்புத் திரையில் குடிக்கக் கூடாததைச் சிவப்பிலும் மற்றதைப் பச்சையிலும் காட்டும். அதைப் பார்த்து அறிக்கை அடித்துக் கொடுப்பவர், ஆறு வருஷமாக அங்கே வேலை பார்க்கும், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் முதலில் 'குடிக்கலாம்', 'கூடாது' என்ற சொல்லும் வந்தது. திரை அடைசலாகத் தெரிந்தது. நிறமே சொல்கிறதே என்று சொற்களை எடுத்துவிட்டேன். மூன்று மாதம் எந்தக் குறையும் வரவில்லை.

ஒரு நாள் காலையில் பேராசிரியை போன் செய்தார். "ஃபுளோரைடு கூடுதலா இருக்கிற தண்ணிக்கு, குடிக்கலாம்னு அறிக்கை போயிருக்கு. உன் புரோகிராம் தப்பா, இல்ல இவரு கண்ண மூடிட்டு அடிக்கிறாரான்னு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். நிரல் சரியாகத்தான் இருந்தது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் சிவப்புதான் வந்தது.

"இவ்வளவு சிவப்பா இருக்கு, தெரியலையா?" என்றார் பேராசிரியை. அண்ணன் விசைப்பலகையைத் துணியால் துடைத்தார். பாட்டிலோடு யாரோ வர, பேராசிரியை எழுந்து வெளியே போனார்.

"இதுல எதுண்ணே கூடாது?" என்று கேட்டேன்.

திரைக்கு மிக அருகில் குனிந்தார். "முன்னாடியெல்லாம் கூடாதது மங்கலாத் தெரியுங்க. அத வச்சு அடிச்சுடுவேன். இப்ப கொஞ்ச நாளா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடத்துக்கிட்ட சொல்லிடாதீங்க. டிரைவர் வேலைக்குப் போனப்ப, செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியலன்னு கண்ணு டெஸ்டுல தள்ளிட்டாங்க. இதுவும் போச்சுன்னா எங்க போவேன்?"

கருப்பில் சிவப்பு அமுங்கிப் போகிறது என்று லைப்ரரியின் பக்கத்தில் முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். பன்னிரண்டு நாளுக்கு முன்னால்தான் அந்தச் சிவப்பை வெளுக்க வைத்துப் புதிய பதிப்பு விட்டேன். அன்றைக்கே இங்கேயும் போட்டுவிட்டுப் போனேன். அண்ணன் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடியை உருவியது நான்தான்.

பேராசிரியை திரும்பியதும், "தப்பு என்னுதுங்க மேடம்" என்று ஆரம்பித்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தித் தானே சொல்லிவிட்டார்.

"ஆறு வருஷமா ஏன் சொல்லல?"

"பயம்தாங்க."

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "ஃபைல எடுங்க" என்றார்.

பன்னிரண்டு நாள் அறிக்கைகளையும் பிரித்துப் போட்டோம். நான்கு தவறு. மூன்று வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டோம். நான்காவது, செந்துறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

"நானே போய்ட்டு வரேங்க" என்றார் அண்ணன். நானும் கிளம்பினேன்.

அரியலூர் தாண்டி சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. நான் அந்த எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்தினேன். நடுவில் லைப்ரரியின் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். அந்த வெளுத்த சிவப்பை நூற்றுக்கணக்கானவர்கள் எடுத்திருந்தார்கள். யார் திரையில் என்ன ஓடுகிறதோ, யார் எதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்களோ. இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

அந்த வீட்டு அம்மா முந்திரிக்காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது.

"நான்தாங்க தப்பா அடிச்சுட்டேன். இந்தத் தண்ணி குடிக்கக் கூடாது" என்றார் அண்ணன். நான் இடைமறித்து நிறம், பதிப்பு என்று ஏதோ உளறினேன்.

"யாரு தப்பா இருந்தா என்ன? காயிதத்த நம்பி புள்ளைவளுக்கும் இதத்தான் குடுத்தேன். அதுவளுக்கு என்ன ஆவும், அதச் சொல்லுங்க."

பேராசிரியையைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். வருஷக்கணக்காகக் குடித்தால்தான் பல்லும் எலும்பும் கெடும், சில நாளில் ஒன்றும் ஆகாது, இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று அவர் பொறுமையாக இரண்டு தடவை சொன்னார். அந்த அம்மா குடத்தை வாசலிலேயே கவிழ்த்தார். பக்கத்துத் தெருக் குழாய்க்குக் கிளம்பியவரின் இன்னொரு குடத்தை அண்ணன் கேட்காமலே எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

மறுநாளே சொற்களைத் திரும்பப் போட்டேன். லைப்ரரியிலும், சரி தவறு என்று காட்டும் இடத்தில் நிறம் மட்டும் தனியாக வராது, கூடவே ஒரு சொல் வந்தே தீரும் என்று மாற்றினேன். ஏன் என்றும், ஆள் யார் என்று தெரியாதபடி, எழுதி வைத்தேன். திரை அசிங்கமாகிவிட்டது என்று சிலர் திட்டினார்கள். எனக்கும் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்று ஒருவர் எழுதினார்.

அண்ணன் அங்கேயேதான் வேலை பார்க்கிறார். அச்சாகும் முன் ஒவ்வோர் அறிக்கையையும் பேராசிரியைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். வெளுத்த சிவப்பு இருந்த அந்தப் பதிப்பை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஏற்கெனவே கொண்டுபோனவர்களிடம் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. போய்ச் சொல்ல பஸ்ஸும் கிடையாது.