இரண்டு கார்புரேட்டரும் ஒரு காதும்

எங்கள் வீட்டுக்கு அந்தக் கார் வந்தபோது அதற்குச் சக்கரங்கள் இருந்தன, அவ்வளவுதான். மற்றதெல்லாம் சாக்கு மூட்டைகளில் தனியாக வந்தது. மீன் ஏற்றும் மினி லாரி ஒன்று ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குள் பின்பக்கமாக நுழைந்து, அதை நான் துணி காயப்போடும் இடத்தில் இறக்கிவிட்டுப் போனது. அன்றைக்கே எனக்கும் அதற்கும் ஆகாமல் போய்விட்டது.

இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஓய்வுபெற்ற கப்பல் கம்பெனி அதிகாரி ஒருவரின் ஷெட்டில் பல வருடம் கிடந்தது. ஷெட்டை இடிக்கப் போகிறோம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய பிள்ளைகள் என் கணவரிடம் சொல்லிவிட்டார்கள். வேண்டாம் என்ற வார்த்தையை அவர் என்னிடம் மட்டும்தான் சொல்வார்.

அவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். படகு கரைக்கு வந்து சேரும் முன்பே சத்தத்தை வைத்து, எங்கே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் கை சுத்தம் என்று சொல்ல அங்கே பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் படகுக்காரர்கள் அவரைத் தேடி வருவது காதுக்காகத்தான். "அண்ணன் ஒருவாட்டி கேட்டுட்டா போதும்பா" என்பார்கள். அந்தக் காதை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது, பெண் படித்தாள், இப்போது பெங்களூரில் வேலையும் பார்க்கிறாள்.

நான் துறைமுகச் சரக்குகளை விடுவிக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறேன். பக்கத்தில் நிற்பவள் சுதி இறங்கினால் எனக்கு முதுகு அரிக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

காரைச் சேர்க்க உட்கார்ந்த என் கணவர் அதைப் படகாகத்தான் நினைத்தார். உப்புக்காற்று காரின் அடித்தகட்டைத் தின்று ஓட்டை போட்டிருந்தது. தகரம் வைத்துப் பற்றவைப்பார் என்று பார்த்தால், ஃபைபர் படகுக்குப் போடும் துணியையும் பசையையும் கொண்டுவந்து ஒட்டினார். அதன்மேல் ஏதோ படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட். மாடியில் குடியிருக்கும் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நைனா, சைடுல நம்பர் எழுதி டீசல் போட்டீன்னா கடலுக்கே போலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் கணவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் காதில் அது விழவே இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எப்படித் தோன்றும்? கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்வது எதுவும் அவர் காதில் விழுந்ததில்லை. "கேஸ் தீந்துபோச்சு" என்றால் "ஆமாம்" என்பார். "எதுக்கு ஆமாம்?" என்றால் அதற்கும் "ஆமாம்." இதை நோய் என்று எந்தப் பெண்டாட்டியாவது நினைப்பாளா? டிவி சத்தம் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. "அம்மா, நீங்க பாக்கற நியூஸ் எனக்கு பெங்களூர்லயே கேக்குது" என்று பெண் போனில் சொன்னாள். அப்பாவுக்கு வயசாகிறது, திமிர் கூடுகிறது என்று நானே விளக்கமும் சொன்னேன்.

பிரேக் சரியானது. கிளட்ச் சரியானது. பழைய படகு இன்ஜினுக்கு வாங்கி வைத்திருந்த இஞ்சு ஸ்பேனர்கள் இந்த வண்டியின் நட்டுகளுக்குக் கச்சிதமாக உட்கார்ந்ததில் அவருக்கு ஒரே குஷி. இப்போது வரும் பெட்ரோல் கார்புரேட்டரின் பழைய ரப்பர்களைக் கரைத்துவிட்டது. பெண் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் தேடிப் புதிய ரப்பர்களை வரவழைத்துக் கொடுத்தாள். ஒருநாள் சாயங்காலம் இன்ஜின் கிளம்பிவிட்டது. தெருவே வந்து நின்றது. ஆனால் கிளம்பிய வண்டி நிதானத்துக்கு வரவில்லை. குலுங்கும், இருமும், நின்றுபோகும்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் அந்த இன்ஜினுக்கு இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் ஓட்டம் சீராக இருக்கும். அதைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ரப்பர் டியூபின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். முன்னதில் கேட்டு, பின்னதில் கேட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து அவர் உட்கார்ந்தார். கேட்டார், திருப்பினார், கேட்டார். "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது" என்றார். இன்ஜின் இருமிவிட்டு நின்றது.

நாள்கணக்கில் இதே கதை. அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த நான், புடவையைக்கூட மாற்றாமல் போய் டியூபைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். முன்னதின் சுதி கீழே இருந்தது, பின்னதின் சுதி நன்றாக மேலே இருந்தது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"யோவ், பின்னாடி இருக்கறது கத்துது. இதுவா ஒண்ணு?"

"உனுக்கு இன்னாமே தெரியும் இன்ஜினப் பத்தி?"

"இன்ஜின் தெரியாது. சுதி தெரியும். நான் சொல்றப்ப திருப்பு, நிறுத்துன்னா நிறுத்து."

அவர் மறுத்துப் பேசாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதுவே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஜெயிக்கிற சந்தோஷத்தில் கவனிக்கவில்லை. நான் கேட்டேன், அவர் திருப்பினார். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று சேர்ந்த நொடியில் குலுக்கல் நின்று இன்ஜின் ஒரே சீராக ஓடியது. அவர் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மாடியிலிருந்து ஆட்டோக்காரர் கை தட்டினார். துணி காயப்போடும் இடத்தை அந்த வண்டிக்கு நான் மன்னித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எண்ணூர் பக்கம் ஒரு ரவுண்டு கிளம்பினோம். தலையில் துணி கட்டிக்கொண்டு நான் இரண்டாவது இருக்கையில். இரண்டு பக்கமும் கன்டெய்னர் டிரெய்லர்கள். நாங்கள் இருந்த உயரத்துக்கு அவற்றின் சக்கரங்கள்தான் தெரிந்தன. இருந்தாலும் கடல்காற்று முகத்தில் அடிக்க எனக்கு வாய்விட்டுப் பாட வேண்டும்போல இருந்தது, பாடினேன். திருவொற்றியூர் தாண்டி ஒரு சந்திப்பில் போலீஸ்காரரின் விசில் கேட்டது. நீளமான, காதைக் கிழிக்கிற விசில். டிரெய்லர் மறைத்ததால் ஆள் தெரியவில்லை. பக்கத்து வண்டிகள் நின்றன. எங்கள் வண்டி நிற்கவில்லை. எதிரே ஒரு டிரெய்லர் வலதுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. "நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டே இருக்கைகளுக்கு நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். டிரெய்லரின் சக்கரம் எங்கள் மூக்குக்கு முன்னால் உருண்டு போனது.

போலீஸ்காரர் ஓடி வந்தார். "விசில் ஊதிக்கினே கீறேன், காதுல வுழல? இன்னா, காது செவுடா?" என்று கத்தியவர், காரைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "இன்னா வண்டிபா இது? கடலுக்குப் போற போட்டு பெயின்ட் மாதிரி கீது?"

வேறு நாளாக இருந்தால் என் கணவர் அரை மணி நேரம் பெருமை பேசியிருப்பார். அன்று டிரெய்லர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கெஞ்சி மன்னிப்புக் கேட்டேன்.

கடலோரம் பாறாங்கல் கொட்டியிருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார். நான் திட்டுவதற்குத் தயாராகத் திரும்பினேன். அவர் ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை.

"விசில் கேக்கவே இல்லமே" என்றார். "அந்த டியூப்லயும் ஒண்ணும் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல."

"அப்ப காசிமேட்டுல எப்படி?"

"கைய வெச்சுப் பாத்து சமாளிச்சுக்கினு கீறேன். போட்டு இன்ஜின் அதிரும், கைக்குத் தெரியும். இந்தச் சின்ன இன்ஜின்ல சமாளிக்க முடியுதான்னு பாக்கத்தான் இத்த இட்டாந்தேன். முடியல."

டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "காதுல மெஷின் மாட்டிக்கினு போனா எவன் என்னாண்ட இன்ஜின குடுப்பான்? செவுடன்னு பேரு வெச்சுருவானுங்க. என் காதுதான்மே என் தொழிலு."

அவர் தோளில் சாய்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு சொன்னேன், "நீ செக் பண்ணிக்கற வரைக்கும் இந்த சீட்ல நான் உக்கார மாட்டேன். டியூப்ல காத்த நீயே கேட்டுத் திருப்பிக்க." இந்த மிரட்டல் வேலை செய்தது. நான் இல்லாமல் அந்த வண்டி ஓடாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

காதைப் பரிசோதித்த டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். பல வருடம் இன்ஜின் அறையில் நின்றதால் கீச்சென்ற சத்தங்களைக் கேட்கும் திறன்தான் முதலில் போயிருக்கிறது, மெஷின் வைத்தால் நிறையத் திரும்பக் கிடைக்கும், எவ்வளவு என்று போகப் போகத்தான் தெரியும் என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

மெஷின் கைக்கு வந்த மறுநாள் காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் பானெட்டைத் திறந்தேன். பின்பக்கத்துக் கார்புரேட்டரின் ஸ்க்ரூவை ஒரு மயிரிழை திருப்பினேன். இன்ஜின் குலுங்காது, நிற்காது. என் மாதிரி காது இருந்தால் மட்டும் தெரியும். பானெட்டை மூடிவிட்டு உள்ளே வந்து மாதா படத்துக்கு முன்னால் நின்றேன். பயமாக இருந்தது. அவருக்குத் தெரியாமல் போனால் என்ன செய்வேன் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

அவர் வந்து வண்டியைக் கிளப்பினார். உடனே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாமே இது, இவ்ளோ சத்தமா கீது? கீழ ஃபைபர் வேற தடதடன்னு அடிக்குது! இத்தயா தெருவுல ஓட்டினு இருந்தேன்?"

"ஆமா, தெருவே பாராட்டுச்சு" என்றேன்.

அவர் டியூபை எடுத்தார். அதன் முனையைக் காதுக்குப் பின்னால் இருந்த மெஷின் பக்கம் பிடித்துக்கொண்டார். முன்னதைக் கேட்டார். பின்னதைக் கேட்டார். மறுபடி முன்னது. நான் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பின்பக்கத்து ஸ்க்ரூவை, நான் திருப்பிய அதே மயிரிழை, வந்த வழியே திருப்பினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் பல வருடமாகப் பார்க்கவில்லை.

"சர்ச்சுல பாடறியாம், பெரிய சுதியாம். பின்னாடி ஏறிக்கினு கீது, அதுகூட தெரில உனுக்கு!"

மாடியைப் பார்த்து ஆட்டோக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னார். மெஷினை மாட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனவர், அது என்ன என்று கேட்டவர்களிடம் அதைப் பற்றி ஒரு வரியும், என் காதைப் பற்றிப் பத்து வரியும் சொல்லியிருக்கிறார். இப்போது மீன் வாங்கப் போனால் படகுக்காரர்கள்கூட என்னைக் கேலி செய்கிறார்கள்.

யாரிடமும் ஒரு பேச்சில்கூட விட்டுக்கொடுத்த ஆள் இல்லை நான். இந்த ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை.